மினிட் நோட்டில் நான்காவது தவறு

ஒன்று. 1914. மூன்றாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் ஆராவமுதன் என் சிலேட்டைக் கையில் வாங்கவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்தே தப்பு என்றார். விடை சரி.

இரண்டு. 1921. ஊர் வாசகசாலை. எங்கள் தெருக்காரர்கள் உள்ளே வரக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று பத்திரிகை படித்தேன். எழுத்தர் சிற்றம்பலம் ஜன்னலைச் சாத்தினார்.

மூன்று. 1927. பஞ்சாலை. சங்கம் என்ற சொல்லை நான் சொன்னதற்காக மேஸ்திரி பெத்தண்ணன் கட்டையால் என் முதுகில் மூன்று அடி அடித்தார்.

நான்கு. 1938. வேலைநிறுத்தம். டைம்கீப்பர் சவரிராயன் பதினொரு பேரை நிர்வாகத்திடம் காட்டிக்கொடுத்தார். பதினொரு பேருக்கும் வேலை போனது. அவர் பெயரை ஆலை மைதானத்தில் இரண்டாயிரம் பேர் முன்னால் நானே வாசித்தேன்.

இந்த வரிசை மாறக்கூடாது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் யாரும் குறுக்கிட மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள்.

நான் படித்ததெல்லாம் ஓரணாப் பிரசுரங்கள். முதல் பக்கத்திலேயே எதிரி யார் என்று சொல்லிவிடும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சங்கிலிமாடன் என்ற என் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஊரார் எனக்கு வைத்த பெயரும் பிரசுரம்தான்.

1955-ல் மீரா மைதீனின் சைக்கிள் கடை மாடியில் ஒரு பலகை தொங்கியது. பிரம்மஞான சபை, படிப்பு வட்டம், சனிக்கிழமை மாலை ஐந்து மணி. கீழே சிறிய எழுத்தில், சாதி, மதம், ஆண், பெண் என்ற பேதமில்லாத சகோதரத்துவம்.

அதைக் கலைக்கத்தான் போனேன். பெரிய பெரிய கூட்டங்களைக் கலைத்தவன் நான். மாடியில் இரண்டே பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கூட்டத்தைக் கலைப்பது எனக்குக் கௌரவக் குறைவு. ஆனாலும் பதினாலு படி ஏறிவிட்டேன்.

ஒருவர் மீரா மைதீன். மற்றவர் சுகிர்தம் டீச்சர். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிடப் பதினாலு வயது சின்னவர்.

"இந்தப் பலகையை யார் எழுதினது?"

"நான்தான்," என்றார் டீச்சர். "பெயிண்ட் அண்ணன் கொடுத்தது."

"சைக்கிளுக்கு அடிச்சது போக மிச்சம்," என்றார் மீரா மைதீன்.

"சகோதரர்கள் எத்தனை பேர்?"

"என்னையும் சேர்த்து இரண்டு. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் கிளை என்று தலைமையிடத்திலிருந்து சாசனம் வரும். அதுவரை இது வெறும் மாடிதான்," என்றார் டீச்சர்.

"எனக்கும் நாலு சகோதரர்கள் இருக்காங்க. அவங்க செஞ்சதைச் சொல்லுதேன், கேளுங்க."

சொன்னேன். இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. எனக்கு அது புதிது.

"இதுக்கு உங்க சபையிலே என்ன பதில்?" என்று கேட்டேன்.

டீச்சர் அலமாரியிலிருந்து கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் நோட்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம்கூட எழுதப்படாத நோட்டு. பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார்.

"எழுதுங்க. வரிசை மாறாமல்."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். சுவரில் எழுதிப் பழகிய கை.

அடுத்த சனிக்கிழமை நோட்டை என்னிடமே நீட்டினார்.

"போன வாரக் குறிப்பை வாசித்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம். அது விதி."

வாசித்தேன். எனக்கு மைதானத்துக் குரல்தான் வரும். வேறு குரல் கிடையாது. கீழே பஞ்சருக்குக் காத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இன்னும் இரண்டு விதி இருக்கிறது," என்றார் டீச்சர். "குறிப்பில் யார் பெயர் இருந்தாலும் அவர் வந்து திருத்தம் சொல்லலாம். ஆனால் உறுப்பினர்தான் சொல்லலாம்."

"அவங்க வரலைன்னா?"

"வரும் வரைக்கும் ஒவ்வொரு வாரமும் வாசிக்கணும்."

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நானும் ஒரு விதி போட்டேன். நாலு பேரும் சாட்சி முன்னால் ஒத்துக்கொள்ளும் வரை நான் உறுப்பினர் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். எழுதுவேன், வாசிப்பேன், அவ்வளவுதான்.

"சரி," என்றார் டீச்சர்.

அன்று அவர் திறந்த புத்தகத்தில் வினைப்பயன் பற்றி இருந்தது. நான் பாதியில் நிறுத்தினேன்.

"தெரியும். போன பிறவியிலே நான் செஞ்ச பாவம், அதனாலே வாத்தியார் சிலேட்டைத் தொடலை. அதுதானே?"

"போன பிறவி எதற்கு?" என்றார் டீச்சர். "போன சனிக்கிழமை போதும்."

நாலாவது வாரம் படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. எண்பத்திரண்டு வயது ஆராவமுதன் வாத்தியார், பதினாலு படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறி வந்தார்.

"குறிப்பில் பிழை இருக்கிறது. பஜார் முழுக்க என் பேர் நாறுகிறது. திருத்தணும்."

"உறுப்பினர்தான் திருத்தலாம், சார்," என்றார் டீச்சர்.

"எங்கே போடணும் கையெழுத்து?"

போட்டார். மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்.

"அது மூன்றாம் வகுப்பு இல்லை. நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்கு நான் கணக்கு எடுத்ததே கிடையாது."

"மற்றது?"

"மற்றது சரி."

தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"என்ன கணக்கு அது?"

"பதினேழைப் பதிமூணாலே பெருக்கணும்."

"விடை?"

"இருநூத்து இருபத்தொண்ணு."

கண்ணை மூடிப் பெருக்கினார். என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து முதலாவது தவறின் பக்கத்தில் சரி என்று குறி போட்டார்.

நாற்பத்தோரு வருடம் தாமதம். இருந்தாலும் வாத்தியார் போட்ட குறி. அன்று வீட்டுக்குப் போகும்போது நான் விசிலடித்ததாக மீரா மைதீன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்து வாசகசாலை சிற்றம்பலம் வந்தார். கையெழுத்துப் போட்ட கையோடு சொன்னார்.

"ஜன்னலைச் சாத்தினேன்னு எழுதியிருக்கு. ஒரு கதவைத்தான் சாத்தினேன். மறு கதவு திறந்துதான் இருந்தது."

"ஒரு கதவு வழியா பாதிப் பத்திரிகைதானே தெரியும்?"

"அதனாலேதான் பத்திரிகையை நடுவிலே ஒருதரம் நகர்த்தி வைப்பேன். நீங்க கவனிக்கலை."

எனக்கு நினைவு வந்தது. இடது பாதி படித்து முடிக்கும் நேரத்துக்குச் சரியாக வலது பாதி தெரியும். அதைக் காற்று என்று நினைத்திருந்தேன்.

"அது தர்மமா, பயமா?" என்று கேட்டேன்.

"சாத்தினது பயம்," என்றார். "மத்தது என்னன்னு எனக்கே தெரியாது." உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி பெத்தண்ணன் வந்தபோது மாடியில் நிற்க இடமில்லை. வாசிப்பதைக் கேட்க மட்டும் இருபது பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களில் சிலர் புத்தகத்தைத் திறந்த பிறகும் இருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"மூணு அடின்னு எழுதியிருக்கியே, ஏலே, உனக்குக் கணக்கு வராதா? அஞ்சு."

"மூணுதான்," என்றேன்.

"அடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா? மூணோட நீ மயங்கிட்டே. அப்புறம் ரெண்டு."

கூட்டம் சிரித்தது. பெத்தண்ணன் சிரிக்கவில்லை. மூன்றை அடித்து ஐந்து என்று அவர் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டு என் முதுகுப் பக்கம் வந்து, சட்டைக்கு மேலே கையை ஒருமுறை வைத்தார். எடுத்துவிட்டார்.

டீச்சர், மீரா மைதீன், மூன்று பேர். மொத்தம் ஐந்து.

"இன்னும் ரெண்டுதான்," என்றார் மீரா மைதீன். "நாலாவது ஆளு வந்துட்டா நம்ம பிரசுரமும் கையெழுத்துப் போட்டுடுவாரு. சாசனம் வந்துடும். அல்வாவுக்குச் சொல்லிடவா?"

"வர மாட்டான்," என்றேன்.

"எங்கே வரணும்? கீழேதான் இருக்காரு. ஆறு சனிக்கிழமையா எங்கிட்டே காத்து அடிக்காரு. அந்த டயருக்குக் காத்தே தேவையில்லை."

டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவதை மட்டும் ஏன் வேகமாக வாசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, டீச்சர்."

அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மழை. கூட்டம் இல்லை. நாங்கள் ஆறு பேர் மட்டும் மாடியில். நான் நாலாவதை வாசித்து முடிக்கும்போது சவரிராயன் வாசலில் நின்றார். தலையில் துண்டு. தண்ணீர் சொட்டியது.

உள்ளே வந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது கையெழுத்து.

"திருத்தம் ஒண்ணுதான். நான் பேர் குடுக்கலை."

"சாட்சி?" என்றேன். பழக்கம், வாயில் வந்துவிட்டது.

சவரிராயன் தலைத் துண்டை அவிழ்த்தார். இடது காதின் மேல்நுனியில் சின்னதாக ஒரு துண்டு இல்லை.

"நீரு மைதானத்திலே என் பேரை வாசிச்ச மறுநாளிலேருந்து மூணு வருசம் இந்த ஊரிலே ஒருத்தனும் எனக்கு முடி வெட்டலை வே. வீட்டுக்காரிதான் வெட்டினா. அவளுக்குக் கையிலே கிடைச்சது துணி வெட்டுற கத்திரி."

பெத்தண்ணன் சிரித்துவிட்டார். ஆராவமுதன் வாத்தியாரும் சிரித்தார். சவரிராயனே சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா பின் வரிசைப் பிள்ளைக எல்லாம் என் மண்டையைத்தான் பார்க்கும். பூசை பார்க்காது."

நான் மட்டும் சிரிக்கவில்லை.

"திருத்தம் ஏற்கப்படுகிறதா?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வேலை போன பதினொரு பேரில் ஒருவர் எங்கள் சங்கப் பொருளாளர். 1949-ல் சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், பட்டியல் கொடுத்தது தான்தான் என்று. சந்தேகம் வரக்கூடாது என்று தன் பெயரையும் அதில் சேர்த்துக் கொடுத்தாராம். இரண்டாயிரம் பேர் முன்னால் வாசித்த பெயரை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை, அதுவும் பொய். தெரியும். மனம் வரவில்லை. மைதானத்தில் நான் சொன்ன எதையும் நான் மாற்றியதில்லை என்பதுதான் என்னிடமிருந்த ஒரே சொத்து.

"ஏற்கப்படுகிறது," என்றேன். "அவர் குடுக்கலை. எனக்குத் தெரியும். ஆறு வருசமாத் தெரியும்."

"ஆறு வருசமாவா?" என்றார் மீரா மைதீன். "போன சனிக்கிழமைகூட வாசிச்சீங்களே அண்ணாச்சி."

"ஆமா."

சவரிராயன் துண்டைப் பிழிந்தார். திரும்பத் தலையில் கட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

நான் நோட்டை எடுத்து நாலாவதைக் குறுக்கே அடித்தேன். பதினேழு வருடம் வரிசை மாறாமல் சொன்னது. ஒரே கோடு.

"டீச்சர், வரிசை மூணோட நிக்குது."

"நிற்கவில்லை. நடந்ததை எழுதுங்க."

எழுதினேன். நாலு வரி. கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைத் தூக்கினேன்.

"செஞ்சவர் உறுப்பினர் இல்லையே டீச்சர். அவர் பேரை இதிலே எழுதினா, அவர் எப்படி வந்து திருத்துவார்?"

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதில் ஒரு பாரம்தான் மிச்சம் இருந்தது. அதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இங்கே இருக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் வந்து சேர்ந்தாங்க."

கையெழுத்துப் போட்டேன். கடைசி வரியையும் எழுதி, நோட்டோடு எழுந்து நின்றேன். என் குரல் எங்கோ அடியில் கிடந்தது.

"கேக்காது வே," என்றார் சவரிராயன். "மைதானத்துக் குரலிலே வாசியும்."

சிற்றம்பலம் எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தார். சாரல் உள்ளே அடித்தது. கீழே கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாலைந்து பேர் மேலே பார்த்தார்கள்.

வாசித்தேன்.

"நான்கு. 1938. ஆலை மைதானம். டைம்கீப்பர் சவரிராயனைக் காட்டிக்கொடுத்தவர் என்று இரண்டாயிரம் பேர் முன்னால் சொன்னது. அது பொய் என்று தெரிந்த பிறகும் ஆறு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது. செய்தவர், பேச்சி மகன் சங்கிலிமாடன்."