தோஹாவில் மிச்சம் பிடித்த முக்கால் கிலோமீட்டர்

வெள்ளைக்கரட்டில் அறிவாளிகள் யாரென்று கேட்டால் ஊரே மூன்று பேரைக் காட்டும்: ஒச்சப்பன், வீரணன், காசிமாயன். கூடப்பிறந்தவர்கள். ஊரில் மற்றவர்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவர்களின் ஒரே தங்கை செல்லத்தாய் டொரன்டோவில் இருந்தாள். அவளுடைய மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். நீங்க வரலேன்னா என் மாமியா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்ணே" என்று போனில் அழுதாள். ஒரு மடி போதும். எந்த மடி என்று முடிவாகாததால் மூன்றும் கிளம்பின.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பொறுமையாக விளக்கினார். "தோஹாவுக்கு அஞ்சு மணி நேரம். அங்க விமானம் மாறணும், நடுவுல நாலு மணி நேரம் இருக்கு. அதுக்கப்புறம் டொரன்டோவுக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். தோஹாவுல மட்டும் நேரத்தை வீணாக்கிடாதீங்க."

வீணாக்கவில்லை. இறங்கியதுமே ஒச்சப்பன் கேட்டார், "டொரன்டோ எந்தப் பக்கம்டா?"

"மேற்கண்ணே."

"நாலு மணி நேரம் குத்த வச்சு உக்காந்தா தூரம் குறையுமா? நடங்கடா."

நடந்தார்கள். ஓரிடத்தில் தரையே நகர்ந்தது. "நாம நடக்குறது, தரை நடக்குறது, ரெண்டையும் சேத்துக்க" என்றான் காசிமாயன். கடைசியில் ஒரு கண்ணாடிச் சுவர் வந்து மறித்தது. முக்கால் கிலோமீட்டர் மிச்சம் பிடித்தாயிற்று என்று வீரணன் அறிவித்தான். அங்கேயே அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த கடலூர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, ஒலிபெருக்கில உங்க பேரைத்தான் கூப்பிடுறாங்க! விமானம் ஏறுற வாசல் அந்தக் கோடியில இருக்கு, ஓடுங்க!"

"அங்க போனா நடந்ததெல்லாம் வீணாப் போயிருமே? விமானம் எந்தப் பக்கம் போகும்?" என்றார் ஒச்சப்பன்.

"மேற்கதான்."

"அப்ப இப்பிடித்தான வரணும்? நாங்க வழியில ஏறிக்கிடுறோம்."

கடலூர்க்காரர் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே விமானம் உருண்டு வந்தது. மூவரும் கை காட்டினார்கள். நிற்கவில்லை.

"கூட்டம் போல" என்றான் வீரணன்.

"உள்ள எடம் கெடந்துச்சு, நான் பாத்தேன். வேணுமின்னே நிப்பாட்டாமப் போறான்" என்றான் காசிமாயன்.

அடுத்த விமானம் மறுநாள்தான் என்றார்கள். செல்லத்தாய்க்குப் போன் போனது. "ஐயோ, விடிஞ்சாக் காதுகுத்து! மடிக்கு நான் எங்கண்ணே போவேன்?"

மூவரும் கலந்து பேசினார்கள். பிறகு ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். "அழாத தாயி. மடி மூணும் இங்க பத்திரமா இருக்கு. பிள்ளையை இங்க அனுப்பி விடு."

"பதினாலு மணி நேரமாகுமேண்ணே?"

"அது முழு டிக்கெட்டுக்கு. அவளுக்கு அரை டிக்கெட்டுதான? ஏழு மணி நேரத்துல வந்துருவா."

செல்லத்தாயும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. யோசித்துவிட்டுக் கேட்டாள், "சின்னப்பிள்ளை தனியா எப்பிடிண்ணே வரும்?"

"தனியா எதுக்கு? நீயும் அதே விமானத்துல பக்கத்துச் சீட்டுல ஏறு. என்ன, நீ முழு டிக்கெட்டு, ஏழு மணி நேரம் பிந்தித்தான் வருவ. அதுக்குள்ள காதைக் குத்தி, சோறூட்டி, தூங்க வச்சிருவோம்."