பகல் தீவட்டியை நிறுத்தியவன்

முன்னொரு காலத்தில், பட்டப்பகலிலும் முன்னால் தீவட்டி எரியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காத ராஜா ஒருவர் இருந்தார். அது அந்த வம்சத்துப் பெருமை. சூரியனுக்கே வெளிச்சம் காட்டுகிற பரம்பரை என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை.

"நம் அரண்மனையில் மந்திரி முதல் மாட்டுக்காரன் வரை எல்லோரும் தலைவர்களாக வேண்டும். அவரவர் இடத்தில் அவரவரே முடிவெடுக்க வேண்டும். யார் பழக்குவது?"

சபை விகடன் வெண்காடன்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி மாதேவர் எழுந்தார். "வெண்காடனை விட்டால் யார் இருக்கிறார்கள், பிரபு? சொதப்பினால் நாடு கடத்திவிடலாம்."

வெண்காடன் சமையற்கட்டுக்கும் லாயத்துக்கும் நடையாய் நடந்தான். "உன் இடத்துக்கு நீதான் ராஜா. சரியென்று பட்டதைச் செய்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நிஜமாக நம்பியவன் ஒருவன்தான். வைக்கோல் கிடங்குக் காவலன் நக்கன்.

ஒருநாள் ராஜா கிடங்கைப் பார்க்க வந்தார். முன்னால் தீவட்டி. நக்கன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"உள்ளே பூரா வைக்கோல், மகாராஜா. தீவட்டி வெளியே நிக்கட்டும்."

அன்று மாலையே அவனுக்குச் சவுக்கடி. பிறகு சிறை.

"என் உத்தரவில்லாமல் இனி இங்கே ஒரு துரும்பும் அசையக் கூடாது!" என்று ராஜா உறுமினார்.

"எல்லாம் வெண்காடன் கொடுத்த துணிச்சல், பிரபு" என்றார் மாதேவர்.

"நாளை மாலைக்குள் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்!"

வெண்காடனுக்கு அது வலிக்கவில்லை. நக்கன் தன் பேச்சைக் கேட்டுத்தானே முதுகைக் கொடுத்தான்? அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அரண்மனை முழுக்கச் சுற்றி ஒரே வார்த்தை சொன்னான். "ராஜா சொன்னது காதில் விழுந்ததல்லவா? அப்படியே நடங்கள்."

விடிந்ததும் ஆரம்பித்தது.

"வெந்நீர் விளாவ உத்தரவா, மகாராஜா?"

"குழம்புக்கு உப்புப் போட உத்தரவா?"

"பட்டத்து யானை லத்தி போடப் பார்க்குது. விடலாமா, மகாராஜா?"

நண்பகலில் ராஜா பசியோடு சபைக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் எரிந்த தீவட்டியிலிருந்து பொறி ஒன்று அவர் மேலாடையில் விழுந்து பற்றிக்கொண்டது. தீவட்டிக்காரன் நகரவில்லை. மாதேவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார், தூக்கியபடியே நின்றார்.

"அணைக்க உத்தரவா, பிரபு?"

வெண்காடன் பாய்ந்து குடத்தைப் பிடுங்கி ராஜா தலையில் கவிழ்த்தான்.

"உத்தரவில்லாமல் ஊற்றினாயே!" என்றார் ராஜா, சொட்டச் சொட்ட.

"ஊற்றினேன், மகாராஜா. நக்கனுக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது."

ராஜா அவனைப் பார்த்தார். வெறுங்கையைத் தூக்கியபடியே நின்ற மாதேவரைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நாடு கடத்தல் ரத்து. கழுத்து முத்துமாலை வெண்காடனுக்கு.

"மாலை வேண்டாம். நக்கனை விடுங்கள்."

"அவனையும் விடுகிறேன், மாலையும் உனக்குத்தான்!"

வெண்காடன் சிறைக்கு ஓடித் தானே கதவைத் திறந்தான். "வாடா நக்கா, உன்னை விட்டுட்டாங்க!"

நக்கன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாசற்படி வரை வந்து நின்றுவிட்டான்.

"வெளியே வர உத்தரவா, ஐயா?"

கேலி செய்கிறானோ என்று வெண்காடன் அவன் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. சபையில் ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.