நீச்சல் உடைக்கு அளவு

"டீச்சர், இது சரியா இருக்கா?"

குஞ்சிதம் பையிலிருந்து நீச்சல் உடையை எடுத்து நீட்டினாள். கருநீலத் துணி. கழுத்தை மூடி, முழங்கை வரை கை வைத்து, முழங்கால் வரை கால் வைத்து, வீட்டில் அவளே தைத்தது.

மெர்லின் டீச்சர் அதை வாங்கினாள். தையல் ஓடிய இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தாள்.

படபடவென்று நூல் அறுந்தது.

"இல்லை," என்றாள்.

குஞ்சிதத்துக்கு முகம் செத்துவிட்டது. உறையூரில் முப்பத்தொரு வருஷமாக ரவிக்கை தைக்கிறவள். அவள் போட்ட தையலைப் பிரிக்க பிளேடு வேண்டும் என்று தெருவே சொல்லும். இங்கே இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, அவள் மகளைவிடச் சின்னவள், வெறும் கையால் பிரித்துக் காட்டிவிட்டாள்.

"நேர் தையல் டீச்சர். பொடிப் பொடியா போட்டிருக்கேன். இதைவிட உறுதி கிடையாது."

"துணி இழுபடுது. நூல் இழுபடுதா?"

அவ்வளவுதான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு குளத்துக்குள் குதித்துவிட்டாள். மெர்லின் டீச்சரிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வாங்குவதே பெரும்பாடு. ஆனால் தன் நீச்சல் உடையைத் தானே தைத்துப் போடுகிறவள். அது தெரிந்துதான் குஞ்சிதம் இவளிடம் வந்து சேர்ந்தாள்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். கடையில் கழுத்து பிடித்தால் கை பிடிக்கவில்லை, கை பிடித்தால் இடுப்பு ஏறவில்லை. மேலும் ஒரு தையல்காரி தனக்கு உடை வாங்கக் கடை ஏறுவதாவது!

பெண்களுக்கான வகுப்பு மொத்தம் இருபது நாள். பதினாறு நாள் போய்விட்டது. அந்தப் பதினாறு நாளும் அவள் கரையில் உட்கார்ந்து, எல்லோருடைய உடையையும் தையல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு நாளில் குளத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

இந்த அடுத்த வருஷத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதினொரு வயதில் ஒரு கோடை. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. நீச்சல் உடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. அப்பாவின் ஒடிந்த குடையை எடுத்துக் கம்பிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எட்டு முக்கோணத் துணியையும் பிரித்து, கை மிஷினில் ஒரு உடை தைத்துக் கொடுத்துவிட்டாள்.

"குடை வருதுடா, மழை வரப்போகுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டுமே. நாற்பது நாளும் அவள் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டாள். காது தண்ணீருக்குள் போனதும் பிள்ளைகளின் கூச்சல், ரயில் பெட்டிகளின் ஷண்டிங் சத்தம், அம்மா கூப்பிடுவது எல்லாம் நின்றுவிடும். அப்படி ஒரு நிம்மதி அதற்கப்புறம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. கல்யாணத்தில் இல்லை, பிள்ளை பெற்றதில் இல்லை. ஒளிக்காமல் சொன்னால் அதுதான் உண்மை.

அடுத்த கோடைக்குள் பெரியவளாகிவிட்டாள். அம்மா அந்த உடையைப் பிரித்து ரேஷன் பை தைத்தாள்.

"எனக்கு வேற தைச்சுத் தாம்மா."

"அடுத்த வருஷம் பாப்போம்டி."

பையில் சர்க்கரை வந்தது, கோதுமை வந்தது. அடுத்த வருஷம் மட்டும் வரவில்லை. நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டாவது உடையை ஜிக்ஜாக் மிஷினில் தைத்தாள். சேலைக்கு ஓரம் அடிக்க மட்டும் வைத்திருந்த மிஷின். இப்படியும் அப்படியுமாக வளைந்து ஓடும் அந்தத் தையலை அவள் என்றைக்கும் தையல் என்று மதித்ததில்லை.

மெர்லின் டீச்சர் இழுத்தாள். அறவில்லை. குஞ்சிதம் மூச்சு விட்டாள்.

டீச்சர் உடையின் இரண்டு கால்களையும் முடிச்சுப் போட்டாள். குளத்தில் முக்கித் தூக்கினாள். ஒரு குடம் தண்ணீர் நின்றது.

"யாருக்குத் தைச்சீங்க?"

"எனக்குத்தான்."

"கூட யாரு வர்றா?"

கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். குஞ்சிதத்துக்குக் காது சூடாகிவிட்டது.

"கொஞ்சம் தளர்வா வெட்டி, உள்ளேயும் ரெண்டு விரல் துணி விட்டிருக்கேன் டீச்சர். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்ல? நான் தைக்கிற எல்லாத்துக்கும் விடுவேன்."

"இது நாளைக்குப் போடுறதுக்கா?"

குஞ்சிதம் சொட்டுகிற உடையைப் பார்த்தாள்.

"உங்க அளவுல ரெண்டு இஞ்ச் குறைச்சு வெட்டுங்க," என்றாள் டீச்சர்.

"ஆளைவிடச் சின்னதாவா? உள்ளே துணி விடாமலா?"

டீச்சர் முடிச்சை அவிழ்த்து, உடையைப் பிழிந்து அவள் கையில் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் குஞ்சிதம் வெட்டுகிற பலகை முன்னால் கத்தரிக்கோலோடு நெடுநேரம் நின்றாள். எத்தனை பட்டுத் துணி வெட்டிய கை. ரெண்டு இஞ்ச் குறைக்க மாட்டேன் என்றது. சாக்பீஸால் போட்ட கோட்டை மூன்று தடவை அழித்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிவிட்டாள். அதைத் தைத்து முடிக்க இரண்டு நாளாயிற்று.

கடைசி நாள் வந்தது.

குஞ்சிதம் மூன்றாவது உடையைப் போட்டுக்கொண்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டில் வந்து நின்றாள். உடை மேனியோடு ஒட்டி நின்றது. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. தன் கைவேலை என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கச்சிதம். தண்ணீர் நிறையப் பெண்கள். அவள் இறங்கவில்லை.

மெர்லின் டீச்சர் நீந்தி வந்து படியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"அக்குள்கிட்ட கொஞ்சம் பிடிக்குது டீச்சர். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுத் தைச்சுடறேன்."

"இன்னைக்கோட முடியுது."

"அதனால என்ன, அடுத்த வருஷம்…"

சொல்லிவிட்டு குஞ்சிதம் திடுக்கிட்டாள். தன் வாயில் அம்மாவின் குரல் வந்தது அவளுக்கே கேட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. வெட்கம் பாதி, பயம் பாதி. நாற்பத்தாறு வருஷத்தில் தண்ணீர் தன்னை மறந்திருந்தால்?

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அளவு தப்பு," என்றாள்.

"என்னது?"

"அளவு தப்பா எடுத்திருக்கீங்க."

குஞ்சிதத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அளவு தப்பு என்று சொல்லக் கூடாது.

"நானா? ஒரு நூல் தப்பியிருந்தா தொழிலையே விட்டுடறேன்!"

"தரையில எடுத்தது. தண்ணியில உடம்பு வேற. இங்க வந்து எடுக்கணும்."

"எடுங்க, பாப்போம்!"

துண்டு படியில் விழுந்தது. குஞ்சிதம் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. மார்பு. குளிர் ஏறியதும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கையைத் தூக்குங்க," என்றது டீச்சரின் குரல்.

தூக்கினாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. மார்பளவு."

பிடித்தாள்.

"இப்போ உயரம். தோள்லேருந்து குதிகால் வரைக்கும். படுங்க."

"படுக்கவா?"

"நின்னுக்கிட்டு எடுத்தா தப்பாயிடும்."

அது தையல்காரிக்குப் புரிகிற பேச்சு. குஞ்சிதம் பின்னால் சாய்ந்தாள். முதுகுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகள் வந்து தாங்கின. கால் தரையை விட்டது. காது தண்ணீருக்குள் போனது.

எல்லாச் சத்தமும் நின்றது.

அதே அமைதி. ஒரு இழைகூடக் குறையவில்லை. இத்தனை வருஷமும் இங்கேயேதான் இருந்திருக்கிறது. சந்தோஷமா, தவறவிட்ட கோடைகளை நினைத்த துக்கமா, அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ. தொழில் புத்தி லேசில் போகாது அல்லவா? கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"டீச்சர், அளவு எவ்வளவு வந்துது?"

கண்ணைத் திறந்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

குளத்தின் எதிர்க்கரையில், படியில் உட்கார்ந்து, மெர்லின் டீச்சர் இரண்டு கையாலும் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"டேப் உங்க பையிலதானே இருக்கு?" என்றாள்.