தெரிந்த விரிசல்

"மேடம், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லன்னு தோணுது" என்றார் அருளப்பன்.

நிலோஃபர் முறுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஏண்ணே?"

விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகை அது. இங்கே குரு நிலோஃபருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது, சீடருக்குத் தலை முழுக்க நரை. தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடிக்கும் பிரிவிலிருந்து வந்த அருளப்பன், உலோகத்துக்குள் ஒலியை அனுப்பி விரிசல் தேடக் கற்றுக்கொண்டிருந்தார். காதுக்குக் கேட்காத ஒலி. விரிசல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும், திரையில் ஒரு கோடு எழும். இல்லாவிட்டால் திரை சும்மா கிடக்கும்.

"வந்ததுலேர்ந்து ஒரு விரிசல்கூட நான் பிடிக்கல. ரிவெட் அடிச்சா, அடிச்சேன்னு காட்டலாம். இங்க தினமும் இல்ல, இல்லன்னே சொல்லிக்கிட்டிருக்கேன். வீட்ல என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டா, சொல்ல ஒண்ணுமில்ல."

"காலையில பார்த்தது என்னாச்சு?"

"இறக்கை மாட்டுற பட்டைதானே? எல்லா போல்ட் ஓட்டையச் சுத்தியும் பார்த்துட்டேன். விரிசல் இல்ல. சாயங்காலம் விமானம் கிளம்பலாம்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. மேஜையிலிருந்த சின்ன உலோகக் கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல விரிசல் இருக்கான்னு பாருங்க."

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அதில் விரிசல் இருப்பது கொட்டகைப் பூனைக்குக்கூடத் தெரியும். வேண்டுமென்றே வெட்டிவைத்த விரிசல். வேலை தொடங்கும்முன் கருவியை அதில் வைத்து, கோடு எழுகிறதா என்று பார்க்க வேண்டும், முடித்ததும் மறுபடி பார்க்க வேண்டும். இன்று தொடங்கும்போது பார்த்தார். முடித்ததும் பார்க்கவில்லை. தெரிந்த விரிசலை எத்தனை தடவைதான் பார்ப்பது?

ஒலி உள்ளே இறங்குவதற்கான ஜெல்லைத் தடவினார். கருவியை வைத்தார்.

திரை சும்மா கிடந்தது.

நகர்த்தி வைத்தார், திருப்பி வைத்தார். ஒயரை அசைத்தபோது கோடு எழுந்தது, விட்டதும் விழுந்தது. உள்ளே அறுந்திருந்தது.

எப்போது அறுந்தது? முதல் ஓட்டையிலா, கடைசி ஓட்டையிலா?

அந்த விமானத்தில் ஆட்கள் ஏறுவார்கள்.

"மேடம், நான் காலையில சொன்னது…"

"போய்ப் பாருங்கண்ணே. விமானம் நிக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

புது ஒயர் மாட்டினார். கட்டியில் கோடு எழுவதைப் பார்த்துவிட்டு, முதல் ஓட்டையிலிருந்து தொடங்கினார். திரை சும்மாவே கிடந்தது. ஆனால் இந்தத் தடவை அதை விட்டு அவர் கண் நகரவில்லை.

முடிந்ததும் யாரும் சொல்லாமலே கட்டியிடம் வந்தார். கருவியை வைத்தார். கோடு எழுந்து நின்றது. ஒரு விரிசலைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"விரிசல் இல்ல, மேடம்."

நிலோஃபர் தலையசைத்தாள்.

போன் அடித்தது. அவர் மனைவி.

"மணி என்னாச்சு? இன்னும் என்ன பண்றீங்க?"

"ஒரு பட்டையில விரிசல் இல்லன்னு சொன்னேன்."

"இல்லன்னு சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஆமா" என்றார் அருளப்பன், மிச்சமிருந்த முறுக்கை எடுத்தபடி. "அதுக்குத்தான் நேரமாகும்."