கறுத்துப்போன கம்பளம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் காரைத்துறைச் சீமையை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் சரியான அவசரக்குடுக்கை.

துருக்மான் தேசத்து வியாபாரி ஒராஸ், கையாலேயே முடிச்சுப் போட்டு நெய்த நூறு வருஷத்துக் கம்பளம் ஒன்றைக் கொண்டுவந்து சபையில் விரித்தார். காலையில் வாசலில் நின்று பார்த்த ராஜா, "ஆகா, மாதுளை முத்து மாதிரி என்ன சிவப்பு!" என்று சொக்கிப்போனார். மத்தியானம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்தால், கம்பளம் கறுத்துக் கிடந்தது.

வியாபாரி தன்னைக் கேட்காமல் நேரே ராஜாவிடம் போனதில் அலங்கார அதிகாரி திருமலைராயருக்கு ஒரே வயிற்றெரிச்சல். "பிரபு, காலையில் காட்டியதை ஒளித்துவிட்டுப் போலியை விரித்திருக்கிறான்!" என்று பற்றவைத்தார்.

ராஜா விசாரிக்கவா போகிறார்? "கட்டுங்கள் இவனை! பாதாளச் சிறைதான்!"

"அதே கம்பளம்தான், மகாராஜா!" என்று ஒராஸ் கதறியது யார் காதிலும் விழவில்லை.

சபையைப் பெருக்கும் செவந்திக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. காலையில் அந்தக் கம்பளத்தைப் பெருக்கியவள் அவள்தான். ஊர்விட்டு ஊர் வந்த மனுசன், அநியாயமாய்ச் சிறைக்குப் போகிறாரே! விளக்குமாற்றைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"சாமி, நெசக் கம்பளத்த நான் கொண்டாறேன். அதுக்கு முன்னாடி இந்தப் போலிக்கு அடியில உங்க முத்திரையக் குத்திருங்க. மறுபடி யாரும் மாத்திடக் கூடாதுல்ல."

ராஜா அரக்கு வைத்து முத்திரை குத்தினார். கம்பளத்தைச் சுருட்டி வெளியே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் காவலர் இருவர் ஒரு கம்பளத்தைத் தூக்கிவந்து விரித்தார்கள். மாதுளைச் சிவப்பு!

திருமலைராயர் துள்ளினார். "இதுதான் பிரபு! இதன் ஒவ்வொரு முடிச்சும் எனக்குத் தெரியும். அந்தப் போலி எங்கே, இது எங்கே!"

செவந்தி ஓரத்தைப் புரட்டினாள். அடியில் ராஜாவின் முத்திரை.

"ஒரே கம்பளந்தான் சாமி. தலைமாட்டக் கால்மாடா மாத்தி விரிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். இதோட ரோமம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. நம்மளப் பாத்துச் சாஞ்சிருந்தா கறுக்கும், அந்தாண்ட சாஞ்சிருந்தா பளபளக்கும். காலையில வாசப்பக்கம் நின்னு பாத்தீங்க, மத்தியானம் எதிர்ப்பக்கம் உக்காந்து பாத்தீங்க. பெருக்குற கைக்குத் தெரியும்."

சபையே சிரித்தது. ராயர் தலையைத் தொங்கப்போட்டார்.

"ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தவரே! ஒரு மாதம் இதை நீரே பெருக்கும்!" என்றார் ராஜா. "செவந்தி, உனக்குத் தங்க வளையல்!"

"வளையல் இருக்கட்டும் சாமி. அந்த மனுசன் கை இன்னும் கட்டித்தானே கெடக்கு?"

சிரிப்பு சட்டென்று நின்றது. ராஜா காவலரைக் கூப்பிடவில்லை. தானே இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"மன்னித்துவிடும், ஒராஸ்" என்றார். "நான் ஒரு தடவை எழுந்து வந்து பார்த்திருக்கலாம்."