பள்ளிக்கூடத்துத் திருநீறு

தாமிரபரணித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் செம்மணல்குளம். அவ்வூர்த் தொடக்கப்பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் தொண்டு சுடலைவடிவு அம்மையாருக்கு வாய்த்திருந்தது. மற்றவர்கள் அதை வேலை என்பார்கள். அம்மையார் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. விடிந்ததும் குளித்து, நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விளக்குமாற்றையே எடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் கரும்பலகையில் எழுத்து இருந்தால் அதற்கு முதுகு காட்டி நிற்க மாட்டார்.

அந்தப் பள்ளி முன்னாளில் ஊர்ச் சிவன் கோயிலின் தேர்க்கொட்டகை. தேர் செல்லரித்துப்போனபின் ஆடு அடைந்து கிடந்த இடத்தை வேலாயுத வாத்தியார் கேட்டு வாங்கிப் பள்ளி தொடங்கினார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: யார் வீட்டுப் பிள்ளையானாலும் வந்த வரிசையில்தான் உட்கார வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் கொதித்துப்போய்த் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருடம் முழுக்க நாலே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாரே தவிர, மனிதர் வரிசையை மாற்றவில்லை. கடைசியில் பெரிய வீடுகள்தாம் இறங்கிவந்தன. அவர் காலத்துக்குப் பிறகும் அந்தச் சட்டம் அப்படியே நின்றது.

அந்த வரிசையில் அம்மையாரின் ஒரே மகள் இசக்கியும் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் பலகை மூலையில் தன் பெயரை எழுதி, "யம்மா, இதுதான் நான்" என்று காட்டினாள். அந்த வாரமே காய்ச்சலில் கண்ணை மூடினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மையார் பள்ளிக்கு வந்தபோது அந்த மூலை மட்டும் அழிக்கப்படாமல் இருந்தது. வாத்தியார்கள் அழிக்க மனம் வராமல் விட்டிருந்தார்கள். "மத்தப் பிள்ளையளுக்கு எழுத எடம் வேணும்லா" என்று அம்மையார் தாமே துடைத்தார். உதிர்ந்த தூளைக் குப்பையில் தள்ளத்தான் கை வரவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்து, நெற்றியில் இட்டுக்கொண்டார். அன்று முதல் தினமும் பலகைத் தூளே அவருக்குத் திருநீறு. சிரட்டை பள்ளி வாசலில் கயிற்றில் தொங்கியது.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? "சாக்பீஸ் சாமியாரம்மா வாராவ" என்று தண்ணீர்க் குழாயடியில் கேலி பேசினார்கள். கோயில் தர்மகர்த்தா திரவியம் ஒருநாள் சந்நிதி வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, சாமி திருநீறு ஒனக்கு ஆகாதோ?"

"இதுவும் சாமிதான்யா. எழுத்தா நின்னு, பிள்ளையளுக்கு அறிவக் குடுத்துட்டு உதிர்ந்த தூளு. அது மிதிபடலாமா?"

திரவியமும் அதே பலகையில் 'அ' எழுதப் பழகியவர்தான். ஆனால் பெரிய மனிதர் ஆனபின் அதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது?

கோயிலுக்குப் புதுத்தேர் செய்ய ஏற்பாடானது. கொட்டகையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பங்குனி உத்திர ஊர்வலத்தில் அறிவிக்கப்போவதாய்த் திரவியம் சொன்னார். பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆண்பிள்ளைகள் எப்படியாவது போய்விடுவார்கள்; பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள் என்பது அம்மையாருக்குத் தெரியும். அன்றைக்கு முதன்முறையாகச் சாமியிடம் கேட்டார்: "ஒம்ம எடந்தான், இல்லங்கல. பிள்ளையளுக்கு ஒரு வழி காட்டிட்டு எடுத்துக்கிடும்."

உத்திரத்தன்று காலை சாமி பல்லக்கில் புறப்பட்டார். வாய்க்காலைக் கடக்கையில் கோயில் பட்டர் வழுக்கி விழ, திருநீற்றுப் பை தண்ணீரில் முங்கிக் களியாகிப்போனது. வழக்கம்போலப் பல்லக்கு பள்ளி வாசலில் நின்றது. தீபாராதனை முடிந்து திருநீறு கொடுக்க வேண்டுமே! பட்டர் தவித்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். மாவிலைத் தோரணத்தடியில் தொங்கிய சிரட்டை நிறைய வெள்ளைத் தூள். சாமி வரவுக்கு எடுத்துவைத்தது என்றே நினைத்தார். அள்ளிச் சாமி நெற்றியில் மூன்று பட்டையாக இட்டார். அடுத்து தர்மகர்த்தா நெற்றியில் இட்டார்.

பல்லக்கு சுமப்பவர்கள் கால் கழுவக் குடத்தோடு வந்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் பள்ளி அன்றே போனது. ஆனால் சாமி காரியத்தில் பொய் அவருக்கு ஆகாது.

"அய்யா, அது பலகைத் தூளு!" என்று கதறிவிட்டார்.

கொட்டு மேளம் நின்றுபோனது. முகம் சிவந்த திரவியம் துண்டை எடுத்து நெற்றியைத் துடைக்கப்போனார். பட்டர் குறுக்கே கை நீட்டித் தடுத்தார்.

"இருங்கோ. சாமி நெத்தியில ஏறினா அது திருநீறுதான். அத அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஒங்களுக்கு இருந்தா, மொதல்ல சாமிக்கு அழிச்சுட்டு அப்புறம் ஒங்களுக்கு அழிச்சுக்கோங்கோ."

திரவியம் சாமியைப் பார்த்தார். மூன்று வெள்ளைப் பட்டையும் சற்றுக் கோணலாக, சின்னப்பிள்ளை பலகையில் கோடு போட்டதுபோல இருந்தன. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தேருக்கு வேற எடம் பாத்துக்கிடலாம்" என்றார். "சாமிக்கு இந்த எடம் இப்பிடியே இருக்கணும்போல."

பட்டர் சிரட்டையை அம்மையார் கையிலேயே கொடுத்துவிட்டார். அழுத கண்ணோடு அவர் ஒவ்வொருவருக்கும் திருநீறு இட, கேலி பேசிய வாய்கள் எல்லாம் நெற்றியை நீட்டின. அவர் கையால் இன்னொரு முறை வாங்க வந்த திரவியத்துக்குக் கூட்டம் முன்னால் வழிவிட்டது. திரவியம் ஓரடி வைத்தார். பள்ளி வாசலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

ஓர் எழுத்தும் அறியாமல் எல்லா எழுத்தையும் தொழுத சுடலைவடிவு அம்மையாரின் பெருமை, அந்த வாசலில் பிள்ளைகள் வந்த வரிசையில் உட்காரும் வரைக்கும் வாழ்க!