ஏலத்துக்கு வந்த மார்க் ஷீட்

பிடியரிசியில் எழும்பிய காலேஜ் அது. திருச்சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்துக் கொடுத்த காணிக்கை. வீடுவீடாகப் போய் அதை வாங்கிச் சுமந்தவள் பாக்கியத்தாய். அவள் மகள் ஜெபக்கனி நல்ல மார்க் எடுத்து சீட்டுக் கேட்டுப் போனாள். "ஃபீஸைக் கூட்டியாச்சு. கட்ட முடிஞ்சவங்களுக்குத்தான் சீட்டு" என்றார் காலேஜுக்கும் சபைக்கும் செயலாளரான வேதமாணிக்கம்.

விளைச்சலையும் வளர்ப்பையும் கோயிலுக்குக் கொடுத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வைத்த எதையும் ஏலம் விடாமல் திருப்பக் கூடாது என்பது சபை வழக்கம். பூசணிக்கும் சேவலுக்கும் நடுவே மகளின் மார்க் ஷீட்டை வைத்தாள் பாக்கியத்தாய்.

ஏலம் விட நின்ற செயலாளர் சீறினார். "இதை எவன் எடுப்பான்?"

"கட்ட முடிஞ்சவங்க எடுக்கட்டும் ஐயா. அவுக பிள்ளைகளுக்கு சீட்டு கிடைச்சிட்டு. மார்க்குதான் இல்ல."

வழக்கப்படி மூன்று முறை கூவியே ஆக வேண்டும். தலை நிமிராமல் இரண்டு முறை கூவினார். மூன்றாவது முறை, கூட்டத்தின் பின்னால் ஒரு கை உயர்ந்தது. நூல் மில் வேலைக்குப் படிப்பு நின்ற பொம்பளைப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் தரகன்.

அவனுக்கு மேல் கேட்க அந்தச் சபையில் ஆளில்லை.